பேய்ப் படங்களின் பேரம்

பேய்ப் படம் பார்க்கலாமா என்று கேட்டால் நம்மவர்களிடம் விடை ஆயத்தமாக இருக்கும். பெரியவர்கள் "கூடாது" என்பர். படித்தவர்கள் "மூடநம்பிக்கை" என்பர். கலை நாட்டம் உள்ளோர் "மட்டமான ரசனை" என்பர். விடை சொன்ன கையோடு பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவர். இவ்வளவு பேர், இவ்வளவு காலமாக, ஏன் பார்க்கிறார்கள் என்ற கேள்வியை மட்டும் எவரும் எடுத்துக்கொள்வதில்லை. பார்த்தவர்களும் ஏன் பார்த்தோம் என்று சொல்ல நாணுகிறார்கள். அந்த நாணத்திற்குள்ளேதான் விஷயம் ஒளிந்திருக்கிறது என்பது நம் கருத்து.

தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் இடைப்பட்ட இண்டூரில் இருந்துகொண்டு இதனை எழுதுகிறோம். இம்மாவட்டம் புளிக்குப் பேர்போனது. புளியமரமோ பேய்க்குப் பேர்போனது. டூரிங் கொட்டகைகள் இருந்த காலத்தில், மணல் தரையில் அமர்ந்து இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு, சாலையோரப் புளியமரங்களின் கீழ் ஊர் திரும்பியவர்கள் இவ்வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். கூட்டத்தில் முன்னால் போக எவரும் முன்வரமாட்டார்; கடைசியில் வரவும் எவரும் இசையமாட்டார். எல்லோருக்கும் நடுவிடமே வேண்டும். இவ்வளவு நடுங்கியவர்கள் அடுத்த பேய்ப் படத்திற்கும் தவறாமல் போனார்கள். கொட்டகைகள் மறைந்தன. வீடியோ வந்தது, தொலைக்காட்சி வந்தது, இப்போது கைப்பேசி வந்திருக்கிறது. சேர்ந்து அஞ்சியவர்கள் தனித்தனியே அஞ்சுகிறார்கள் என்பதன்றி வேறு மாறுதல் ஒன்றும் நிகழவில்லை.

பேய்க்கதைகள் அனைத்தையும் பற்றி நாம் இங்கே பேசவரவில்லை. சிறு முதலைப் போட்டு, சில வாரங்களில் எடுத்து முடித்து, அச்சத்தையும் பெண்ணுடலையும் ஒரே சீட்டில் விற்ற படங்களைப் பற்றியே பேச வந்தோம். இவற்றைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. அடியோடு தடைசெய்க என்பது ஒரு கட்சி. இவை நம் நாட்டின் தனிப்பெரும் கலைச்செல்வம், கொண்டாடுக என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் நமக்கு உடன்பாடில்லை. இப்படங்களில் உள்ள அச்சம் மெய்யானது. அவ்வச்சத்தை வைத்து நடத்தப்பட்ட வாணிகம் பொய்யானது. இதனையே விளக்க முற்படுகிறோம்.

இந்திய மண்ணில் இத்தொழிலைக் குடும்பத் தொழிலாகவே நடத்தியவர்கள் பம்பாயின் ராம்சே சகோதரர்கள். அவர்களின் தந்தை எஃப்.யு.ராம்சே கராச்சியில் வானொலிக் கடை வைத்திருந்தவர். ராம்சிங்கானி என்ற குடும்பப் பெயர் வெள்ளைக்கார வாடிக்கையாளர்களின் வாயில் நுழையாமல் ராம்சே ஆயிற்று. பிரிவினைக்குப் பின் குடும்பம் பம்பாய் வந்தது. கடையோடு படத் தயாரிப்பும் தொடங்கிற்று. 1970-இல் அவர் எடுத்த 'ஏக் நன்னி முன்னி லட்கி தீ' தோற்றது. ஆயினும், அப்படத்தில் பிருத்விராஜ் கபூர் அச்சமூட்டும் முகமூடி அணிந்து கொள்ளையடிக்க வரும் கட்டத்தை மட்டும் மக்கள் விரும்பிப் பார்த்ததை மைந்தர்கள் கண்டுகொண்டனர். அந்த ஒரு கட்டத்தையே முழுப் படமாக நீட்டினால் என்ன என்று எண்ணினர். 1972-இல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' வந்தது. உடன்பிறந்தார் எழுவரில் ஒருவர் கதை எழுதினார், இருவர் இயக்கினர், ஒருவர் படம் பிடித்தார், ஒருவர் ஒலி பதிந்தார், ஒருவர் படத்தொகுப்பைப் பார்த்துக்கொண்டார். வெளியார்க்குக் கூலி கொடுக்கும் தேவை குறைந்தது. பெரிய நடிகர்கள் இல்லை. அரங்க அமைப்புகள் இல்லை. மலையூரில் ஒரு பழைய மாளிகை போதும், புகை போதும், ரப்பர் முகமூடி ஒன்று போதும்.

இவ்வுழைப்பை நாம் இகழவில்லை. நாடு பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் தன் கையை ஊன்றி எழுந்த வரலாறு அது. 'புரானா மந்திர்' 1984-இல் பெரும் வசூல் கண்டது. 1988-இல் 'வீரானா' வந்தது. 1993-இல் தொலைக்காட்சியிலும் அவர்களின் பேய் நிகழ்ச்சி புகுந்தது. 2017-இல் அவர்களைப் பற்றித் தனி நூலே வெளிவந்தது. மேனாட்டார் அப்படங்களைக் குறுந்தகடுகளாக்கி விற்றனர். ஒரு காலத்தில் பெயர் சொல்லவும் கூசியவர்கள் இன்று கருத்தரங்குகளில் அவற்றைப் புகழ்ந்து பேசுகின்றனர். புகழட்டும். புகழ்வதற்கு முன் கணக்கைப் பார்த்துவிட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

முதற் படத்தின் பெயரிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். 'இரண்டு கெஜ நிலத்தின் கீழே' என்பது அதன் பொருள். உர்தூ அறிந்தவர்க்கு அச்சொல் எங்கிருந்து வந்தது என்பது சொல்லாமலே விளங்கும். கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் 1862 நவம்பர் 7-ஆம் நாள் இரங்கூனில் சிறைக்காவலில் மடிந்தார். சொந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட இரண்டு கெஜ நிலமும் தமக்கு வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் அவர் பெயரால் வழங்கும் கஸலில் உண்டு. நாடிழந்தவன் கேட்ட கடைசி உரிமை அது. அதே இரண்டு கெஜம், பிணம் எழுந்து வரும் குழியாகச் சுவரொட்டியில் ஒட்டப்பட்டது. வழக்குத் தொடுக்க வேண்டிய குற்றமன்று இது. ஆனால், இத்தொழில் எப்படி நடைபெறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. மக்கள் நெஞ்சில் ஏற்கெனவே உள்ள ஒரு வலியை எடுத்துக்கொள்வது. அதனைப் பயங்காட்டும் பொருளாக்குவது. காசு பெற்றுக்கொண்டு வலியை அங்கேயே விட்டுவிட்டுப் போவது.

பேய் என்பது யார்? நம் நாட்டார் கதைகளைக் கேட்டவர்கள் அறிவர். கொலையுண்டவள், கெடுக்கப்பட்டவள், பிள்ளைப்பேற்றில் மாண்டவள், காதலன் கைவிட்டதால் கிணற்றில் விழுந்தவள், இவர்களே பேயாகிறார்கள். வட்டிக்கு விட்டுக் குடி கெடுத்து எண்பது வயதில் கட்டிலில் கண்மூடிய கனவான் பேயாக வந்ததாகக் கதை கேட்டிருக்கிறோமா? அரிது. உயிரோடு இருந்தபோது நியாயம் கிடைக்காதவர்களே செத்த பின் திரும்பி வருகிறார்கள். ஆகவே பேய்க்கதை என்பது ஊரின் மனச்சாட்சி இரவில் பேசும் பேச்சு. பஞ்சாயத்தில் தீராத வழக்கு, புளியமரத்தடியில் விசாரணைக்கு வருகிறது. பேய்ப் படத்தின்பால் எளிய மக்களுக்குள்ள ஈர்ப்பின் வேர் இதுவே. அவர்கள் மூடர்களாக இருப்பதால் போகவில்லை. யாருக்கோ அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது, அதன் கணக்கு இன்னும் தீரவில்லை என்பதை அறிந்திருப்பதால் போகிறார்கள். அச்சமும் குற்ற உணர்வும் ஒன்றாகக் கலந்திருப்பதாலேயே அந்த ஈர்ப்பு நிம்மதியற்றதாக இருக்கிறது.

இந்த இடத்திலேதான் வாணிகன் நுழைகிறான். அவன் செய்யும் பேரத்தைக் கவனியுங்கள். ஒரு பெண் கெடுக்கப்பட்டுக் கொல்லப்படுகிறாள். கதைக்கு அது தேவை என்பான். ஆனால், அக்கொடுமையைக் காட்டும்போது கேமிரா யாருடைய கண்ணாக நிற்கிறது? கெடுப்பவனின் கண்ணாக நிற்கிறது. அடுத்து ஒரு குளியல் காட்சி. அதற்கும் கதைக்கும் தொடர்பில்லை. குளித்தவள் அடுத்த ரீலில் செத்துவிடுவாள். 'ஏ' என்ற தணிக்கை முத்திரை வயது வராதோரைத் தடுப்பதற்காக ஏற்பட்டது. சுவரொட்டியில் அதுவே மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக அச்சிடப்பட்டு ஆள் பிடிக்கும் தூண்டிலாயிற்று. கடைசி ரீலில் திரிசூலமோ, சிலுவையோ, தாயத்தோ, எந்தச் சமயத்தின் பொருளாயினும் சரி, கைக்குக் கிடைத்த ஒன்று ஓங்கி உயர்த்தப்படும். பேய் எரியும். பார்த்தவன் பக்தியோடு எழுந்து போவான். பாவமும் பரிகாரமும் ஒரே டிக்கெட்டில் முடிந்துவிட்டன. முதல் இரண்டு மணி நேரம் கண் செய்ததற்குக் கடைசிப் பத்து நிமிடம் கை கூப்பினால் போதும் என்று கற்பிக்கும் இக்கலை, எந்தச் சமயத்திற்கும் பெருமை சேர்க்காது.

'புரானா மந்திர்' கதையையே எடுத்துக்கொள்வோம். சாம்ரி என்னும் கொடிய அரக்கன் பிடிபடுகிறான். அரசன் அவன் தலையை வெட்டி, தலையை வேறிடத்திலும் உடலை வேறிடத்திலும் வைக்க ஆணையிடுகிறான். சாகுமுன் அவன் சாபமிடுகிறான். யார் மீது? தண்டித்த அரசன் மீதன்று. அவ்வரச குலத்தில் பிள்ளை பெறும் பெண்கள் மீது. ஒவ்வொருத்தியும் பேறுகாலத்தில் மாளவேண்டும் என்பது சாபம். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மாள்கிறார்கள். ஆண்கள் மாளிகையில் கவலையோடு உலவுகிறார்கள். கடைசியில் அரக்கன் திரிசூலத்தின் முன் அடங்குகிறான். மாண்ட பெண்களைப் பற்றி எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. ஆண்களின் பகையில் பெண்ணின் கருப்பை போர்க்களமாகிறது. அது கதையின் வசதி, அவ்வளவே.

தருமபுரியில் இருந்து இதனைப் பார்க்கும் நமக்கு இது வெறுங்கதையாகத் தோன்றவில்லை. பெண்ணாகப் பிறந்ததற்காகவே சிசுக்கள் கொல்லப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று நம்முடையது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் விரிவுபடுத்தப்பட்டது என்றால், அரசே தொட்டில் வைத்துக் குழந்தையைக் கேட்டு வாங்கவேண்டிய நிலை இங்கிருந்தது என்று பொருள். இந்தக் கொடுமைக்குச் சாபமிட்ட அரக்கன் ஒருவனும் இல்லை. வரதட்சணைக் கணக்கும், நிலக் கணக்கும், ஆண்பிள்ளை ஆசையுமே இருந்தன. உயிரோடு புதைக்கப்பட்ட பெண்மகவையே நிறுத்தி விசாரிக்கும் ஒரு நாளைப் பற்றித் திருக்குர்ஆனின் 81-ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைக் கேட்டு எழும் நடுக்கம் ஒருவகை. ரப்பர் முகமூடியைக் கண்டு எழும் நடுக்கம் வேறுவகை. முன்னது நம் கையை நாமே பார்த்துக்கொள்ளச் செய்யும். பின்னது நம் கையைப் பார்க்கவொட்டாமல் திரையையே பார்க்கச் செய்யும்.

"சிறு முதலில் படமெடுப்பவன் வேறென்ன செய்வான்? பணம் இல்லாத இடத்தில் உடலைக் காட்டித்தானே ஆகவேண்டும்?" என்று பரிந்து பேசுவோர் உண்டு. இது உண்மையன்று. 1968-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஜார்ஜ் ரொமேரோ என்ற இளைஞர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற படத்தை எடுத்தார். செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர். ஹாலிவுட் கணக்கில் அது கொறிக்கவும் போதாது. கறுப்பு வெள்ளைப் படம். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள் என்ற கொச்சையான கதைதான். இரத்தமும் உண்டு, இறைச்சியும் உண்டு. ஆனால், அதன் நாயகன் டுவேன் ஜோன்ஸ் என்னும் கறுப்பின நடிகர். இரவு முழுவதும் பிணங்களோடு போராடித் தப்பிப் பிழைத்தவனை, விடிந்தபின், காப்பாற்ற வந்த வெள்ளையர் கூட்டமே பிணமென்று எண்ணிச் சுட்டுக் கொல்கிறது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அதே ஆண்டில் அமெரிக்கர் இதனைப் பார்த்தனர். கடைசி ரீலில் சிலுவை வந்து காக்கவில்லை. பேயைவிட அஞ்சத்தக்கவன் துப்பாக்கி ஏந்திய அண்டை வீட்டான் என்ற உண்மையோடு பார்த்தவன் வெளியே அனுப்பப்பட்டான். ஆக, வறுமை ஒரு படத்தை நேர்மையற்றதாக்குவதில்லை. வறுமையை முன்னிறுத்திப் பேரம் பேசுபவனே அப்படி ஆக்குகிறான்.

நம் தமிழ்ப் படவுலகம் என்ன செய்தது? 1978-இல் 'ஆயிரம் ஜென்மங்கள்', 1985-இல் 'யார்?', 1987-இல் 'மை டியர் லிசா', 1990-இல் 'பதிமூன்றாம் நம்பர் வீடு' என்று ஒரு வரிசை உண்டு. இவற்றுள் ஒன்றுக்கொன்று தர வேறுபாடு இருக்கலாம். 'ஆயிரம் ஜென்மங்க'ளில் செத்தவள் உயிரோடிருப்பவளின் உடலில் புகுகிறாள். காதலித்தவளும் கட்டியவளும் ஓருடலுக்குள் போராடுகிறார்கள். அந்த ஆணுக்கு ஒரு கீறலும் இல்லை. தலைவிரித்து ஆடும் பெண், அவளைச் சுற்றிக் கட்டப்படும் கயிறு, வேப்பிலை அடி, மந்திரவாதியின் அதட்டல் என்ற காட்சி இப்படங்களாலும் இவற்றைப் பின்பற்றிய பலவற்றாலும் நம் கண்ணுக்குப் பழகிப்போயிற்று. ஒரு பெண் உரக்கப் பேசினால், முறைத்தால், மறுத்தால், அவளுக்குள் வேறொருத்தி புகுந்துவிட்டாள் என்று தீர்ப்பு. அவளே பேசியிருக்கலாம் என்று நினைக்க எவருக்கும் தோன்றுவதில்லை.

இந்தக் கட்டு திரையோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டி இயங்கிவந்த தனியார் மனநல விடுதி ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் ஓட இயலவில்லை. பேய்ப் படங்களே அத்தீயை மூட்டின என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அறியாமை. அவ்விடுதிகள் வறுமையாலும், மருத்துவம் எட்டாத தூரத்தாலும், நம் சமுதாயத்தின் அலட்சியத்தாலும் வளர்ந்தவை. ஆனால், நோயாளியைக் கட்டிவைப்பது கொடுமை என்று பார்த்த கண்ணுக்குப் படாமற்போனது எப்படி என்று கேட்கிறோம். கட்டுண்டு திமிறுபவரைக் கண்டால் ஜின் பிடித்தவர், ஷைத்தான் பிடித்தவர் என்று ஒதுங்கிப் போகவும், வேடிக்கை பார்க்கவும் நாம் எங்கே கற்றோம்? நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகளில் பாதி கற்றோம். மீதிப் பாதியைத் திரையில் கற்றோம். ஜின் என்ற படைப்பு உண்டு என்று நம்புவது மார்க்கம். காய்ச்சல் கண்டவனையும் கலக்கம் கொண்டவளையும் ஜின்னின் கணக்கில் எழுதிவிட்டுத் தாயத்து விற்பது வாணிகம். இரண்டையும் குழப்பிக்கொள்வதில் திரைக்காரரும் நம் தெருக்காரரும் கூட்டாளிகள். எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் விதித்துவிட்டது. சட்டம் வந்த பின்னும் கட்டுண்ட பெண்ணைக் கண்டு அலறிச் சிரிக்கும் பழக்கம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மற்றொரு பொய்யும் இப்பேரத்தில் உண்டு. அது சற்று நுட்பமானது. ஆகவே கேடு மிகுந்தது. கெடுக்கப்பட்ட பெண்ணுக்கு நியாயம் வேண்டுமாயின் அவள் செத்தாக வேண்டும் என்று இப்படங்கள் சொல்கின்றன. செத்தால்தான் வலிமை வரும், செத்தால்தான் பேசுவாள், செத்தால்தான் பண்ணையார் நடுங்குவார். உயிரோடு இருக்கும்வரை அவள் அழவேண்டும். இதனைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டவர்களை நம் மாவட்டத்தின் மறுகோடிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

அரூர்ப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற பழங்குடிச் சிற்றூர் உண்டு. 1992 ஜூன் 20-ஆம் நாள், சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றையும் சேர்ந்தவர்கள் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். ஊர் பாழாயிற்று. பேய்ப் படக்காரனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? காடு உண்டு, இரவு உண்டு, அதிகாரம் உண்டு, அபலைகள் உண்டு. ஆனால், அப்பெண்கள் செத்துப் பேயாகவில்லை. உயிரோடு இருந்தார்கள். உயிரோடு நீதிமன்றப் படியேறினார்கள். செய்தவர்களை அடையாளம் காட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். வழக்கு முடிவதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011 செப்டம்பர் 29-ஆம் நாள் தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29-ஆம் நாள் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

முப்பத்தோராண்டுகள்! எந்தப் பேய் இவ்வளவு காலம் காத்திருக்கும்? எந்தப் படக்காரன் இவ்வளவு நீளக் கதையை எடுப்பான்? இடையிடையே குளியல் காட்சி வைக்க இதில் இடமில்லை. கடைசியில் சூலம் ஏந்த வேண்டிய தேவையும் இல்லை. உயிரோடிருக்கும் பெண்ணின் சாட்சிச் சொல்லே இதில் ஆயுதம். இந்த மாவட்டத்துப் பெண்கள் உலகுக்குக் காட்டிய இவ்வீரத்தின் முன், செத்த பின்தான் பெண் பேசுவாள் என்ற கதை எவ்வளவு கோழைத்தனமானது! அதிகாரம் படைத்தோர் அக்கதையைப் பெரிதும் விரும்புவர் என்பதில் ஐயமில்லை. பேய்க்கு அஞ்சுவது போல் நடிப்பது எளிது. சாட்சிக்கு அஞ்சுவதுதான் மெய்யான அச்சம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். 2011-இல் ராகவா லாரன்ஸ் எடுத்த 'காஞ்சனா'வில் இந்தப் பேரம் ஓரளவு முறிந்தது. வீட்டைவிட்டு விரட்டப்பட்ட திருநங்கை ஒருவர். அவருக்கு அடைக்கலம் தந்த ஒரு முஸ்லிம் பெரியவர். மனவளர்ச்சி குன்றிய அவர் மகன். ஆக மூவரும் நிலத்துக்காகக் கொலையுண்டு திரும்பி வருகிறார்கள். விரட்டப்பட்டவருக்குக் கதவு திறந்தவர் ஒரு பாய் என்று கதை அமைந்ததற்காக மட்டும் நாம் அதனைப் பாராட்டவில்லை. பேய் யார் என்பதை அப்படம் மறைக்காமல் சொல்லிற்று; கொன்றவன் யார் என்பதையும் சொல்லிற்று; கொலையுண்டவரின் ஆசையான மருத்துவமனை எழும்புவதாகவும் காட்டிற்று. ஆனால், அதே படத்தின் முற்பாதியில் திருநங்கையின் நடையும் குரலும் அலறவும் சிரிக்கவும் பயன்பட்டன என்பதையும் மறப்பதற்கில்லை. இரக்கம் பிற்பாதிக்கு ஒத்திவைக்கப்பட்டது. பேரத்தின் பழக்கம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. ஆயினும், வழி உண்டு என்பதற்கு அஃது ஓர் அடையாளம்.

அப்படியானால் தடை வேண்டுமா? வேண்டாம் என்போம். பிரிட்டனில் 1980-களின் தொடக்கத்தில் இத்தகைய வீடியோப் படங்களைக் கண்டு பெருங்கூச்சல் எழுந்தது. அரசு வழக்கறிஞர் துறை வெவ்வேறு காலங்களில் மொத்தம் 72 படங்களைப் பட்டியலிட்டது. 1984-இல் சட்டமும் இயற்றப்பட்டது. விளைந்தது என்ன? அந்தப் பட்டியலையே கையில் வைத்துக்கொண்டு ஆர்வலர்கள் ஒவ்வொரு படமாகத் தேடி வாங்கினார்கள். எவரும் சீந்தாத படங்களுக்கும் தடையினால் புகழ் வந்தது. மறைத்துவைத்தால் ஈர்ப்பு கூடும் என்பதை அறிய நமக்குப் பிரிட்டனும் வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளே போதும். அதிலும், கைப்பேசி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் இந்நாளில் தடை என்ற சொல்லுக்கே பொருள் குறைந்துவிட்டது.

கொண்டாட்டக் கட்சியாருக்கும் ஒரு சொல். மலிவான முகமூடியையும் தாறுமாறான நடிப்பையும் கண்டு கைகொட்டிச் சிரிப்பதை ரசனை என்று பெயரிட்டு அழைக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், நீங்கள் சிரிக்கும் அதே ரீலில் ஒரு பெண் கதறுகிறாள் என்பது உங்கள் கட்டுரைகளில் ஏன் இடம்பெறுவதில்லை? முகமூடி பொய்யானது என்பதால் அவள் மீது படிந்த பார்வையும் பொய்யாகிவிடுமா? அன்று அரைகுறை ஆடையில் நனைந்து நின்ற நடிகைகளுள் பலருக்கு அதற்குப் பிறகு வேறு வேடமே கிடைக்கவில்லை. படம் எடுத்தவருக்கு நூல் கிடைத்தது, விழா கிடைத்தது. அவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் ஒரு பக்கம் எழுதுங்கள், பிறகு கொண்டாடுங்கள்.

வாசக அன்பர்களை நாம் வேண்டுவது சிறு காரியமே. வீட்டில் பிள்ளைகள் பேய்ப் படம் பார்த்தால் கைப்பேசியைப் பிடுங்கி எறியாதீர்கள். அருகில் அமருங்கள். முடிந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பேய் உயிரோடு இருந்தபோது யாராக இருந்தது? அதைக் கொன்றவன் யார்? அவளைக் காட்டிய முறையில் நமக்கு இரக்கம் வந்ததா, ஆசை வந்ததா? பத்து வயதுக் குழந்தைக்கு மூன்றாவது கேள்வி வேண்டாம். முதல் இரண்டே போதும். இருபது வயது இளைஞனுக்கு மூன்றும் வேண்டும். நாற்பது வயதுத் தந்தைக்கு மூன்றாவதே முதலில் வேண்டும். இக்கேள்விகளுக்கு ஈடுகொடுத்து நிற்கும் படம் எதுவாயினும், எவ்வளவு மலிவானதாயினும், அதனைப் பார்ப்பதில் நாணமில்லை. ஈடுகொடுக்காத படம் கோடிகளைக் கொட்டி எடுத்ததாயினும் பழைய பேரமே.

அச்சம் நல்லது. அஞ்சுவது அஞ்சாமை பேதைமை என்பது தமிழர் அறம். கணக்குக் கேட்கப்படும் நாளை அஞ்சுவது நம் மார்க்கம். அஞ்சவேண்டியது எது என்பதிலேதான் வாணிகன் நம்மை ஏமாற்றுகிறான். கப்ரில் கிடப்பவர்கள் எழுந்து வந்து நம் கழுத்தைப் பிடிக்கப் போவதில்லை. அவர்களுக்கு வாய்த்த இரண்டு கெஜ நிலத்தில் அவர்கள் அமைதியாக இருக்கட்டும். நிலத்தின் மேலே, உயிரோடு, நியாயம் கேட்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் நமக்கு அச்சம் வருகிறதா என்று கேட்டுக்கொள்வோம். வரவில்லையென்றால், கோளாறு திரையில் இல்லை.